நான்கு படங்கள், கொஞ்சம் முடி, ஒரு ஃபிரேம் கடை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், படம் வாங்கியதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் விலையை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். நான்கு படங்கள், எல்லாம் கறுப்பினத்தவரின் முடியை வரைந்தவை. ஒவ்வொன்றும் 11-க்கு 14 அங்குலம். தனியாக எடுத்தால் 45 டாலர், நான்கையும் சேர்த்து எடுத்தால் 160. ஃபிரேம் போட்ட செலவு அதைவிட அதிகம், அந்தக் கூத்து தனிக்கதை, பின்னால் வருகிறது. மூன்று படங்கள் பிரமாதம், ஒன்று சுமார்.

விற்றவர் நியூஜெர்சியில் நூவர்க் பக்கம் வாரக்கடைசிச் சந்தையில் மேசை போடுகிற ஓர் ஓவியர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முன்பு ஒருமுறை இந்தப் படங்களை இணையத்தில் ஏற்றியபோது கீழே வந்து விழுந்த வசவுகள் அப்படி, "முதலில் தலை வாரிக்கொண்டு வரச் சொல்" என்கிற ரகம். அதோடு சரி, இப்போது சந்தையிலும் வாய்வழியாகவும் மட்டும்தான் விற்பனை. எனக்குச் சொன்னது என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் தோழி. அவருக்கு இடுப்புவரை லாக்ஸ், கயிறு கயிறாகத் திரண்டு தொங்குகிற முடி, பதினோரு வருஷமாக வளர்க்கிறார். லேபில் கொடுக்கிற தொப்பி அந்த முடிக்குப் போதாது என்பதால் பெரிய தொப்பி ஒன்றை அவரே தைத்து வைத்திருக்கிறார். "எங்கள் ஊர்ச் சாமியார் சடை மாதிரி" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பாராட்டாக நினைத்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாமியார் சடை கவனிக்காமல் விட்டதால் வருவது, இது மாதாமாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வேரில் முறுக்கிப் பராமரிப்பது. அதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை போகும்.

நான்கு படங்களிலுமே கறுப்பினத்தவரின் இயற்கையான முடிதான் விஷயம். ரிலாக்ஸர் என்கிற காரமான ரசாயனம் போட்டு நீட்டாத, சூட்டுச் சீப்பு படாத, முளைத்தபடி சுருண்டு நிற்கிற முடி. மூலப்படங்கள் கரியிலும் எண்ணெய்ப் பேஸ்டலிலும் வரைந்தவை, நமக்குக் கிடைப்பது பருத்தித் தாளில் நிறமி மை கொண்டு எடுத்த பிரதி. தாள் கனமானது, மேட், பளபளப்பே கிடையாது. ஒவ்வொன்றிலும் நூறு பிரதிகள்தான், கீழே பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன.

இந்த மாதிரிப் படம் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கறுப்பைத்தான். கறுப்பு முடி, கருந்தோல், பின்னணியும் அடர்நிறம் என்றால் மட்டமான பிரதியில் எல்லாம் சேர்ந்து ஒரே தார்ப் பூச்சாக நிற்கும், முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். கடைகளில் தொங்குகிற போஸ்டர்களில் பாதி இந்த லட்சணம்தான். நான் முதல் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்து, ஒரே ஒரு பின்னலைத் தேர்ந்தெடுத்து, நெற்றி ஓரத்தில் தொடங்கி மண்டை வளைவோடு போய்க் கழுத்தில் முடிகிறவரை கண்ணால் பின்தொடர்ந்தேன். எங்கேயும் அறுந்துபோகவில்லை. ஒரு பின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே தெரிகிற மண்டைத்தோல் வேறு கறுப்பு, பின்னலின் மேடு வேறு, காதுக்குப் பின்னால் நிழல் விழுகிற இடம் வேறு. போனில் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினால், அவளுக்குப் போய்ச் சேர்ந்தது தார்ப் பூச்சு. "என்னக்கா, ஒண்ணுமே தெரியல" என்றாள். எனவே திரையில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

இது மை பற்றிய பேச்சு மட்டும் இல்லை. ஓவியரின் மேசையில் ஒரு பழைய கோடாக் அட்டையின் நகல் ஒட்டியிருந்தது, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிற படம். 'ஷர்லி அட்டை' என்பார்கள், முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயராம். 1950-களிலிருந்து வட அமெரிக்க ஸ்டூடியோ லேப்கள் அந்த அட்டையில் இருக்கிற தோல் நிறம் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் மெஷினைச் சரிசெய்தன. அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். கறுப்புக் குழந்தைகள் வகுப்புப் படத்தில் இருட்டுக் குவியலாக விழுந்ததைப் பெற்றோர் சொல்லியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் "எங்கள் பழுப்பு நிறங்களெல்லாம் ஒரே மாதிரி விழுகின்றன" என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள். தேக்குக்கும் ரோஸ்வுட்டுக்கும் கிடைத்த மரியாதை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஓவியர், ஒவ்வொரு படத்துக்கும் சோதனைப் பிரதி ஏழெட்டு எடுத்துக் கிழித்துப் போட்டதாகச் சொன்னார், கறுப்பு பிரிந்து வருகிறவரை. பிரதியைப் பார்த்தால் நம்பலாம்.

முதல் படத்தில் முகமே இல்லை. பின்னந்தலை, கழுத்து, ஒரு காதின் விளிம்பு, அவ்வளவுதான். மண்டையோடு ஒட்டிப் பின்னிய கார்ன்ரோ, சுழல் சுழலாக உச்சிக்கு ஏறி அங்கே ஒரு முடிச்சில் சேர்கிறது. முகமில்லாமல் உருவப்படமா என்று கேட்பவர்களுக்கு நைஜீரியாவின் புகைப்படக்காரர் ஓஜெய்கெரே என்ற ஒரு பெயரைச் சொன்னால் போதும். 1968-இல் தொடங்கிப் பல வருஷங்கள், தெருவில், கல்யாண வீட்டில், அலுவலகத்தில் கண்ட பெண்களின் சிகையலங்காரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்தார், ஏறக்குறைய ஆயிரம் படங்கள், அவற்றில் நிறைய பின்னாலிருந்து எடுத்தவை. நாடு 1960-இல்தான் விடுதலை ஆகியிருந்தது, விக்கை வைத்துக்கொண்டு திரிந்த காலம் போய்ப் பழைய நூல்கட்டும் பின்னலும் திரும்பி வந்த நேரம். ஒவ்வொரு அலங்காரத்துக்கும் பெயர் உண்டு, எந்த நிகழ்ச்சிக்கு எது என்ற கணக்கும் உண்டு. முடியை ஐந்து விதமாக முடிந்து அதற்கு ஐம்பால் என்று பெயரும் வைத்த மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் சோன்யா கிளார்க் என்ற கலைஞர் இன்னொன்று செய்தார், ரிச்மண்ட் ஊரின் முடி அலங்காரக்காரர்களிடம் தன் தலையைக் கொடுத்து, அதே கைகளால் பட்டு நூலில் கித்தானிலும் பின்னச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்தார், 2014-இல். தலைமுடி பின்னுவதை அழகு நிலைய வேலை என்று ஒதுக்கியவர்கள் நூலில் அதைப் பார்த்ததும் கலை என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் என் படத்தை அந்த வரிசையில் சும்மா நகல் என்று தள்ள முடியாதபடி ஒரு இடம் இருக்கிறது. பிடரியில், பின்னலுக்குள் அடங்காத சின்னச் சின்னச் சுருள்கள், மிளகு மிளகாக. தோழி வீட்டுக்கு வந்தபோது படத்தின் முன்னால் நின்று முதலில் கையை வைத்தது அங்கேதான். "கிச்சனைக்கூட விடவில்லை!" என்று ஒரே சிரிப்பு. பிடரி முடியை அவர்கள் வீடுகளில் கிச்சன் என்றுதான் சொல்வார்களாம். அங்கேதான் சுருள் மிக இறுக்கம், சீப்பு அங்கே போய்த்தான் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முன்னால் அடுப்பில் காய்ச்சிய சீப்பு கடைசியாக அங்கே போகும்போது காது சுட்டுவிடும். அவர் அம்மா சுட்ட தழும்பு இடது காது மேல்நுனியில் இன்னும் இருக்கிறது. எனக்குக் காட்டினார். ஆறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாவது படம் என் மகளுக்காக வாங்கியது. தரையில் ஒரு சிறுமி, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே. அந்தப் பெண்ணின் முகம் கிடையாது, இரண்டு முழங்கால், இரண்டு கை, வாயகன்ற ஒரு டப்பாவில் தலைக்கு வைக்கும் கிரீஸ், அவ்வளவுதான். பாதித் தலை பின்னி முடிந்தாயிற்று, மறுபாதி மேகம் மாதிரிப் படத்தின் மேல் விளிம்புவரை விரிந்து நிற்கிறது. குழந்தை ஒரு கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வலி எனக்குத் தெரியும், வாசற்படியில் அம்மா காலிடுக்கில் உட்கார்ந்து, திரும்பினால் சீப்பாலேயே முட்டியில் ஒரு அடி வாங்கினவள் நான். என் மகளுக்கும் என் சுருட்டை, போன வருஷம் முழுக்க அயர்ன் பண்ணிவிடச் சொல்லி நச்சரித்தாள். படத்தைப் பார்த்து அவள் திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை, "அம்மா, இந்தப் பொண்ணு பாவம்" என்றாள், அறையில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவதுதான் கனமான படம். மல்யுத்த விரிப்பின் மேல் ஒரு பையன் நிற்கிறான், காதுக்கு மேல் பாதுகாப்புக் கவசம், கீழே காலருகில் அறுந்து விழுந்த லாக்ஸ் ஒன்று. கத்தரி படத்தின் ஓரத்தில், அதைப் பிடித்திருக்கிற கை மட்டும். நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2018 டிசம்பர் 19 அன்று பள்ளி மல்யுத்தப் போட்டி ஒன்றில் நடுவர், முடியை வெட்டு, இல்லையென்றால் தோற்றதாக அறிவிப்பேன் என்று பதினாறு வயதுப் பையனிடம் சொன்னார், யோசிக்கக் கிடைத்தது 90 விநாடி. எல்லார் முன்னாலும் அங்கேயே வெட்டினார்கள். கூடுதல் நேரத்தில் பையன் ஜெயித்தான், நடுவர் ஜெயித்தவனின் கையைத் தூக்கிப் பிடித்தபோது அவன் முகம் இருந்த இருப்பை வீடியோவில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நடுவருக்கு இரண்டு வருஷத் தடை. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே டிசம்பர் 19-இல், 2019-இல், முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற க்ரவுன் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். முதலில் அதே ஆண்டு ஜூலையில் கலிஃபோர்னியா, பிறகு நியூயார்க், மூன்றாவது நாங்கள்.

ஓவியர் அந்தப் பையனின் முகத்தை வரையவில்லை. வேறொரு முகம், வயதும் கொஞ்சம் கூட. ஏன் என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் முகத்தை ஊர் உலகமே போதுமான அளவு பார்த்துவிட்டது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அழுகையும் இல்லை, முஷ்டி மடக்கலும் இல்லை, வாய் மூடியிருக்கிறது, கண் நேராக நம்மைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி, கத்தரி பிடித்த கையைப் பார்க்கிறது. கீழே விழுந்த அந்த ஒரு துண்டை எவ்வளவு நேரம் வரைந்தாரோ, நுனி கொஞ்சம் பழுப்பேறி, நடுவில் ஒரு இடம் மெலிந்து, வெட்டுப்பட்ட முனை மட்டும் பிசிர் பிசிராக. வரவேற்பறையில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை, மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

நான்காவது சுமார் என்றேன். ஒரு பெண்ணின் முகம், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் நீட்டின முடி, கோட், ஆபீஸ் அடையாள அட்டை, மறுபக்கம் தலையைச் சுற்றி உருண்டையாக விரிந்து நிற்கிற முழு ஆஃப்ரோ, பெரிய வளையம். பார்த்த அடுத்த விநாடி புரிந்துவிடுகிறது, அப்புறம் பார்க்க ஒன்றும் இல்லை. கீழே 'என் கிரீடம்' என்கிற பொருளில் ஒரு வாசகம் வேறு. மற்ற மூன்றையும் வரைந்த கைக்கு வாசகம் எதற்கு? அவரிடமே சொன்னேன், அதிகம் விற்பது இதுதான் என்று சிரித்தார். சரி, வயிறு இருக்கிறதே.

இருந்தாலும் அந்த நீட்டின பக்கத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதற்குக் காரணம் வேறு. கறுப்பினப் பெண்கள் போகிற பியூட்டி சப்ளை கடைகளில் 'இந்தியன் ஹேர்' என்று பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும், சொந்த முடியைப் பின்னி அடக்கி அதன்மேல் தைத்துக்கொள்வதற்கு. விலை கேட்டால் தலை சுற்றும். திருப்பதியில் மொட்டை போட்ட முடி ஏலத்துக்குப் போவது நமக்குத் தெரியும், அதில் நீளமானதெல்லாம் விக்கும் சவுரியுமாக வெளிநாடு போகிறது, சென்னையிலேயே சுத்தம் செய்து ஏற்றுமதி பண்ணுகிற கம்பெனிகள் இருக்கின்றன. வேண்டுதலுக்கு நாம் கொடுத்த நேர்முடி, நேர்முடி இல்லாததால் வேலை கிடைக்காதோ என்று பயப்படுகிற ஒருத்தியின் தலையில் போய் உட்காருகிறது. பயம் கற்பனை இல்லை. 2010-இல் அலபாமாவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலையை லாக்ஸை எடுக்க மறுத்ததற்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வழக்கு 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. முடியின் சுருள் பிறவி, ஆனால் அதை லாக்ஸாக வைத்துக்கொள்வது மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம், ஆகவே இனப் பாகுபாடு ஆகாது என்பது தர்க்கம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் க்ரவுன் சட்டம் வந்தது.

படங்களோடு வருகிற மடிப்புத் தாளில் ஒரு தப்பு இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சட்டம் நாடு முழுக்க அமலில் இருப்பதுபோல எழுதியிருக்கிறார்கள். இல்லை. மத்தியில் 2022 மார்ச்சில் கீழவை நிறைவேற்றியது, செனட்டில் நின்றுபோனது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனித்தனியாக நிறைவேற்றியிருக்கின்றன, அவ்வளவுதான். சட்டம் இருக்கிற மாநிலத்திலேயே என்ன நடக்கிறது என்றால், டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது, அதே பருவத்தில் ஹூஸ்டன் பக்கம் ஒரு பள்ளி மாணவனை லாக்ஸ் நீளம் என்று வகுப்புக்கு வெளியே உட்காரவைத்தது, மாதக்கணக்கில். 2024 பிப்ரவரியில் நீதிபதி, சட்டத்தில் நீளத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தாளைத் திருத்திவிடுகிறேன் என்று ஓவியர் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஃபிரேம். வீட்டுக்குப் பக்கத்து மாலில் இருக்கிற கடையில் நான்கையும் கொடுத்தேன், பத்து நாள் என்றார்கள். வாங்க வந்து காகிதத்தைப் பிரித்தால், இரண்டாவது படத்தில் சிறுமியின் மேகம் மேலே கால் அங்குலத்துக்குமேல் காணோம், மூன்றாவதில் கத்தரி பிடித்த கையில் விரல் நுனிகள் போய்விட்டன. சுற்றிப் போடுகிற மவுன்ட் அட்டையை ரெடிமேட் அளவில் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். இந்த ஓவியர் விளிம்புவரை வரைகிறவர், ஓரமே விடுவதில்லை, முடி தாளின் நுனியைத் தொட்டுத்தான் நிற்கும். நான் சத்தம் போட்டதும் கவுன்ட்டரில் இருந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முகம் முழுசா இருக்கே மேடம், கொஞ்சம் முடிதானே போயிருக்கு" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. மூன்றாவது படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு நின்றிருந்தேன்.

மறுபடி பிரித்து, ஃப்ளோட் முறையில், தாளின் நான்கு ஓரமும் தெரிகிற மாதிரி அட்டைக்குமேல் மிதக்கவிட்டுக் கட்டச் சொன்னேன். ஒன்றுக்கு 95 டாலர், பிரதிபலிக்காத கண்ணாடி சேர்த்து. அந்தக் கண்ணாடியில் கஞ்சம் பிடிக்காதீர்கள், சாதாரணக் கண்ணாடி போட்டால் அடர்நிறப் படத்தில் உங்கள் முகமும் டியூப்லைட்டும்தான் தெரியும். மேட் தாளில் அடர்கறுப்பு என்பதால் விரல் பட்டாலே வெளிறிக் கீறல் விழும், நாலாவது படம் வரும்போதே ஒரு மூலையில் அப்படி இருந்தது, புகைப்படம் அனுப்பினேன், கேள்வி கேட்காமல் வேறு பிரதி கொடுத்தார். குழாயில் சுருட்டி அனுப்புவதை மட்டும் நிறுத்தலாம். தட்டையாக்க இரண்டு நாள் அகராதிகளுக்கு அடியில் வைக்கவேண்டியிருந்தது.

பின்னந்தலைப் படத்தை 24 அங்குல உயரத்தில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன், தோழிக்குப் பிறந்தநாள் வருகிறது. கறுப்பு பிரிந்து வந்தால்தான் தருவேன், மூன்று வாரம் ஆகும் என்றார். நாலாவது வாரம் நடக்கிறது, இன்னும் கிழித்துக்கொண்டிருக்கிறார் போல.